கை வராத வாரங்கள்: போக்கரில் தொடர்ந்து தோற்கும்போது நிதானம் இழக்காமல் ஆடுவதற்கான முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் ஞாயிறு மாலைதோறும் நாங்கள் ஏழு பேர் கூடி, டெக்சாஸ் ஹோல்டெம் என்னும் போக்கர் வகையை ஆடி வருகிறோம். இதில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு இருக்கும்; எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு மேசை நடுவில் படிப்படியாக விழும். ஒருவருக்கு வரும் சீட்டையும், ஒரு முறை பகிர்ந்து ஆடி முடிப்பதையும் ‘கை’ என்போம். மேசையில் பணம் இருப்பதில்லை. ஆறு மாதம் ஒரு தொடர் என்று வைத்துக்கொண்டு, தொடக்கத்தில் ஒவ்வொருவர் பெயரிலும் 25,000 சிப்புகளை (பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகள்) நோட்டில் வரவு வைத்து, வாரந்தோறும் கூடுவதையும் குறைவதையும் எழுதி வருகிறோம். பணம் வைக்காத ஆட்டத்தில் தோற்றால் மனம் ஏன் கலங்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். நான்கு மணி நேரம் பொறுமையாக ஆடிவிட்டுக் கடைசிச் சீட்டில் எல்லாவற்றையும் இழந்து, எதிரில் இருப்பவர் சிப்புகளை வாரிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

சென்ற ஆண்டு நான் தொடர்ந்து ஒன்பது ஞாயிறுகள் தோற்றேன். பிறகு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாரமாகப் பார்த்தபோது, முதல் ஐந்து வாரத் தோல்விகளில் சீட்டின் பங்கு பெரிது என்பதும், அடுத்த நான்கு வாரத் தோல்விகள் பெரும்பாலும் நானே வரவழைத்துக்கொண்டவை என்பதும் தெளிவாகத் தெரிந்தன. தோல்வித் தொடர் என்று நாம் சொல்வதற்குள் பெரும்பாலும் இரண்டு தொடர்கள் இருக்கின்றன. முதலாவது சீட்டு தருவது. அதைத் தடுக்க யாராலும் முடியாது. இரண்டாவது, முதலாவதால் கலங்கிய மனம் தருவது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இரண்டாவது தொடரைத் தொடங்கவிடாமல் செய்வதைப் பற்றியது.

பணம் வைத்து ஆடுபவர்களுக்கு

மேலே போவதற்கு முன்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு நானும் கைபேசியில் பணம் வைத்து ஆடியிருக்கிறேன். ஒரு நள்ளிரவில், இழந்ததை மீட்டுவிட்டுத் தூங்கலாம் என்று மீண்டும் மீண்டும் பணம் போட்டு, விடிவதற்குள் பாதி மாதச் சம்பளத்தை இழந்தேன். அதை மனைவியிடம் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆனது. பணத்தை இழந்ததைவிட அந்த மூன்று வார மௌனம்தான் வீட்டில் அதிகக் கசப்பை உண்டாக்கியது. இன்று சட்டமே அந்த வாசலை அடைத்துவிட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், திறமை ஆட்டம், வாய்ப்பு ஆட்டம் என்ற வேறுபாடு பார்க்காமல், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை இணையத்தில் நடத்துவதைத் தடை செய்கிறது. ஆகவே நான் சொல்பவை சிப்புக்காகவும் புள்ளிக்காகவும் ஆடுபவர்களுக்கு உரியவை. கடன் வாங்கி ஆடுபவருக்கும், வீட்டுக்குத் தெரியாமல் ஆடுபவருக்கும், நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாதவருக்கும் நிதானமாக ஆடும் வழி எதையும் நான் சொல்லப்போவதில்லை. அவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு, 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசகரிடம் பேசலாம். அது கட்டணமில்லாத எண், இரவிலும் எடுக்கிறார்கள்.

முதல் படி: தோற்பதற்கு முன்பே கணக்கைப் படித்து வைத்துக்கொள்ளுதல்

மனம் கலங்குவதற்கு முதல் காரணம், தோல்வி எவ்வளவு இயல்பானது என்பதை நாம் மிகக் குறைவாக மதிப்பிட்டு வைத்திருப்பதுதான். ஆஸ் ஜோடி கையில் இருக்கும்போது எதிராளி ராஜா ஜோடி வைத்திருந்து, பொதுச் சீட்டு ஒன்றுகூட விழுவதற்கு முன்பே இருவரும் எல்லாச் சிப்புகளையும் நடுவில் தள்ளினால், ஆஸ் வைத்திருப்பவர் நூற்றுக்குச் சுமார் 82 முறை வெல்வார். மீதி 18 முறை தோற்பார். போக்கரில் ஒருவர் விரும்பக்கூடிய மிகச் சிறந்த நிலைமைகளுள் ஒன்றிலேயே, ஐந்தரை முறைக்கு ஒரு முறை தோல்வி எழுதப்பட்டிருக்கிறது.

இன்னொரு கணக்கு. மூன்று பொதுச் சீட்டுகள் விழுந்த பிறகு உங்களிடம் பெரிய ஜோடி இருக்கிறது. எதிராளியிடம் நான்கு ஆட்டீன் சேர்ந்திருக்கிறது, ஃப்ளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, முடிய இன்னும் ஓர் ஆட்டீன் வேண்டும். அவருக்கு உதவக்கூடிய ஆட்டீன்கள் ஒன்பது மிச்சம் இருக்கின்றன. இரண்டு சீட்டுகள் வரவேண்டியிருக்கின்றன. நூற்றுக்குச் சுமார் 35 முறை அவருக்கு அந்தச் சீட்டு விழுந்துவிடும். நமக்குள் எழும் ஆத்திரம், அந்த 35-ஐயும் நம்முடையதாக எண்ணிக்கொண்டிருந்ததால் வருவது. நம் பங்கு 65 மட்டுமே என்பதை முன்பே ஒப்புக்கொண்டவருக்கு, ரிவர் எனப்படும் கடைசிப் பொதுச் சீட்டில் ஆட்டீன் விழும்போது வருத்தம் வரும். யாரோ நம்மிடமிருந்து பறித்துவிட்டார்கள் என்ற எண்ணம் வராது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைத்தான் நிதானம் என்கிறேன்.

நல்ல கையே வரவில்லை என்ற முறையீட்டையும் இப்படி அளந்து பார்க்கலாம். ஆஸ் ஜோடி சராசரியாக 221 கைகளுக்கு ஒரு முறை வருவது. எங்கள் மாடியில் ஒரு மாலையில் சுமார் 110 கைகள் பகிர்கிறோம். ஒரு மாலை முழுவதும் ஆஸ் ஜோடி வராமல் போக நூற்றுக்குச் சுமார் 61 வாய்ப்பு இருக்கிறது. தொடர்ந்து நான்கு ஞாயிறுகள் வராமல் போகவும் நூற்றுக்குச் சுமார் 14 வாய்ப்பு இருக்கிறது. ஏழு பேர் ஆடும் மேசையில் யாரோ ஒருவர் அந்த நிலையில் இருப்பது வியப்புக்கு உரியதன்று.

எல்லாவற்றையும்விட என்னை அமைதிப்படுத்திய கணக்கு வேறு. நன்றாக ஆடும் ஒருவர், நூறு கைகளுக்குச் சராசரியாக ஐந்து பெரிய பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே ஒருவர் கட்டாயமாக வைக்க வேண்டிய பந்தயம்; ஆட்டத்தின் அளவுகோலும் அதுவே) லாபம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இவ்வகை ஆட்டத்தில் நூறு கைகளுக்குள் ஏற்ற இறக்கம், அதாவது புள்ளியியலில் சொல்லும் திட்ட விலக்கம், 80 முதல் 100 பிளைண்ட் வரை இருக்கும். 90 என்று கொள்வோம். அப்படியானால் அந்த நல்ல ஆட்டக்காரரே, நூறு கைகள் ஆடும் மாலைகளில் நூற்றுக்கு 48 மாலைகள் தோற்று வீடு திரும்புவார். நூறு மாலைகள், அதாவது ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஞாயிறுகள் ஆடி முடித்த பிறகும், மொத்தக் கணக்கில் அவர் நட்டத்தில் இருக்க நூற்றுக்கு 29 வாய்ப்பு உண்டு. ஒன்பது வாரத்தை வைத்துக்கொண்டு நான் ஆடத் தெரியாதவன் என்றோ, எனக்கு நேரம் சரியில்லை என்றோ முடிவு கட்டுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு என் தந்தை நினைவுக்கு வந்தார். பென்னாகரம் பக்கத்தில் எங்களுக்கு இருந்தது மானாவாரி நிலம். கேழ்வரகும் கொள்ளும் நிலக்கடலையும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்க வேண்டிய பூமி அது. இரண்டு வருடம் மழை பொய்த்தால் அவர் தம் உழவைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் விதைத்த நாள் சரியா, களை எடுத்தது சரியா என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பார். மழையின் பங்கையும் தம் பங்கையும் அவர் கலந்துகொண்டதே இல்லை. அந்தப் பிரித்தறிதலை நான் போக்கர் மேசையில் கற்றுக்கொள்ள எனக்கு ஒன்பது தோல்விகள் தேவைப்பட்டன.

இரண்டாம் படி: உங்கள் கலக்கம் எந்த வழியில் வருகிறது என்று அறிதல்

கலங்கிய மனத்தோடு ஆடுவதைப் போக்கர் ஆடுபவர்கள் ‘டில்ட்’ என்கிறார்கள். பின்பால் என்னும் குண்டு உருட்டும் விளையாட்டு எந்திரத்தை ஆத்திரத்தில் பிடித்துச் சாய்த்தால் ‘டில்ட்’ என்ற எழுத்து ஒளிர்ந்து எந்திரம் நின்றுவிடும். அதிலிருந்து வந்த சொல் அது. ஆனால் டில்ட் என்றால் எல்லாச் சிப்புகளையும் ஆவேசமாகத் தள்ளுவது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்ததால், எனக்கு அது இல்லை என்றே நான் நம்பியிருந்தேன்.

ஆத்திர வழி எளிதில் தெரிந்துவிடும்: குறிப்பிட்ட ஒருவரை வெல்ல வேண்டும் என்று தோன்றும், அவர் பந்தயம் வைத்தாலே பொய் என்று படும், ஏழும் இரண்டும் போன்ற கைகள்கூட ஆடத் தகுந்தவையாகத் தெரியும். அச்ச வழி அப்படித் தெரிவதில்லை. மூன்று முறை ரிவரில் தோற்றவர் நான்காம் முறை நல்ல கையோடு இருந்தும் பந்தயம் எதுவும் வைக்காமல், அதாவது செக் செய்துவிட்டு, எதிராளிக்கு இலவசமாகச் சீட்டுப் பார்க்க வழிவிடுகிறார். வரவேண்டிய லாபத்தைப் பாதியாக்கிக்கொண்டு, ‘நான் பொறுமையாக ஆடுகிறேன்’ என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிறார். என் நோட்டில் கடைசி நான்கு வாரங்களில் ஆத்திரத்தால் இழந்ததைவிட இப்படிப் பயந்து விட்டுக்கொடுத்தது அதிகம். எனவே, தோற்ற பிறகு கை கட்டிக்கொண்டு அடங்கி ஆடுவதை நிதானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

மூன்றாவது, மீட்டெடுக்கும் வழி. டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி ஆகிய இரு உளவியலாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட இழப்பு தரும் வலி பெரிது என்பதையும், இழப்பில் இருக்கும் மனிதர் உறுதியான சிறு இழப்பை ஏற்பதைவிட, எல்லாம் திரும்பிவிடும் என்ற நப்பாசையில் பெரிய ஆபத்தை விரும்பி எடுக்கிறார் என்பதையும் காட்டியது. நம் பக்கத்தில் இதை அறிய ஆய்வு வேண்டியதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தில் சூதாடும் இரவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: செல்வம் போகிறது, நாடு போகிறது, தம்பியர் ஒவ்வொருவராகப் போகிறார்கள், தருமர் ஒரு முறையும் பணயத்தைக் குறைப்பதில்லை. எதிரில் பகடையை உருட்டுபவர் வஞ்சகர் என்பது ஒரு புறம் இருக்கட்டும். இழந்ததையெல்லாம் அடுத்த உருட்டிலேயே திரும்பப் பெற்றுவிட வேண்டும் என்ற அவசரம் தருமருடையது.

இந்த மூன்றில் உங்களுடையது எது என்பதை உடம்பு முதலில் சொல்லும். எனக்குக் காது மடல் சூடாகும். சிப்புகளை விரலால் அடுக்கி அடுக்கிக் கலைப்பேன். எங்கள் குழுவில் ஒருவர் பேச்சை நிறுத்திவிடுவார், இன்னொருவர் அளவுக்கு மீறிச் சிரிப்பார். உங்கள் அறிகுறியை நீங்கள் கண்டுபிடிப்பதைவிட, எதிரில் உட்காருபவரைக் கேட்டால் அவர் உடனே சொல்லிவிடுவார்.

மூன்றாம் படி: விதைப் பானையைத் தனியே வைத்தல்

எங்கள் வீட்டில் அடுத்த ஆண்டுக்கான விதைக் கேழ்வரகு, வேப்பிலை போட்டு மூடிய ஒரு பானையில் இருக்கும். களி கிண்ட மாவு இல்லாத நாளிலும் அம்மா பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்குவாரே ஒழிய அந்தப் பானையைத் திறந்ததில்லை. போக்கரில் அந்தப் பானை, ஒரு நாளில் தொடக்கூடாது என்று முன்பே ஒதுக்கி வைக்கும் இருப்பு.

எங்கள் ஆட்டத்தில் பெரிய பிளைண்ட் 10 சிப்பு; 1,000 சிப்போடு உட்காருகிறோம். அது முழுவதும் போனால் இன்னும் ஒரு முறை மட்டுமே 1,000 எடுக்கலாம் என்று எனக்கு நானே விதித்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் போய்விட்டால் அன்று எனக்கு ஆட்டம் முடிந்தது; மற்றவர்களுக்குச் சீட்டுப் பகிர்ந்து கொடுத்துக்கொண்டு இருப்பேன். இந்த எல்லையை வீட்டிலிருந்து புறப்படும் முன்பே தாளில் எழுதி, நோட்டு வைத்திருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஆட்டத்தின் நடுவில் எல்லை வகுக்க முயன்றால், அதை வகுப்பது ஏற்கெனவே கலங்கிய மனம். அது ‘இன்னும் ஒரு கை’ என்றுதான் வகுக்கும். நேரத்துக்கும் எல்லை வேண்டும். எங்களில் ஒருவர் ராயக்கோட்டைத் தக்காளி மண்டிக்காக விடியலுக்கு முன்பே எழுபவர். இரவு எட்டு மணிக்கு மேல் அவர் இழப்பது சீட்டால் இல்லை என்பது நோட்டிலேயே தெரிந்ததால், இப்போது எட்டுக்கு எழுந்துவிடுகிறார்.

நான்காம் படி: அடி விழுந்த அடுத்த ஒன்றரை நிமிடம்

பெரிய கை ஒன்றைக் கடைசிச் சீட்டில் இழந்தவுடன் செய்ய வேண்டியவற்றை உடம்புக்குப் பழக்கி வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் யோசித்துச் செய்ய இயலாது. முதலில் இரண்டு கைகளையும் சிப்புகளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை நான்கு எண்ணும் வரை இழுத்து, ஏழு அல்லது எட்டு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். ஐந்து முறை போதும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு குறையும் என்பது உடலின் இயல்பு. இதில் நம்பிக்கைக்கு வேலை இல்லை. பிறகு நடந்ததை ஒரே வாக்கியத்தில், பெயரடை எதுவும் சேர்க்காமல் மனத்துக்குள் சொல்லுங்கள்: ‘ஜோடி வைத்திருந்தேன், பந்தயம் வைத்தேன், அவர் ஈடுகொடுத்துக் கால் செய்தார், ரிவரில் அவருக்கு ஃப்ளஷ் விழுந்தது.’ ‘அநியாயமாக’ என்ற சொல் வாக்கியத்துக்குள் நுழைந்தால், அடுத்த இரண்டு கைகளை ஆடாமல் விட்டுவிடுங்கள். அதுவும் போதவில்லை என்றால் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வாருங்கள். எங்கள் குழுவின் மூத்தவர், யார் முகம் மாறினாலும் ‘தம்பி, கீழே போய் ஒரு சொம்பு தண்ணி கொண்டு வா’ என்பார். தண்ணீர் மேலேயே இருக்கும். ஆனாலும் நாங்கள் இறங்கிப் போகிறோம்.

அந்த நேரத்தில் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. ‘இந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படிக் கால் செய்தாய்?’ என்று எதிராளியைக் கேட்கக்கூடாது. அவர் குறைந்த வாய்ப்போடு உங்கள் பந்தயத்துக்கு ஈடுகொடுத்ததுதான் நீண்ட காலத்தில் உங்களுக்கு லாபம் தருவது. அவரைக் கூச வைத்தால் அவர் அடுத்த முறை சரியாக ஆடுவார். தவிர, அந்தக் கேள்வியைக் கேட்டவுடன் மேசையில் இருக்கும் மற்ற ஐவருக்கும் நீங்கள் கலங்கியிருப்பது தெரிந்துவிடுகிறது.

ஐந்தாம் படி: முடிவை மறைத்துக் கையைப் பரிசீலித்தல்

இதுதான் இந்த வழிகாட்டியில் நான் மிகவும் மதிக்கும் பழக்கம். ஒவ்வொரு மாலையிலும் பெரிய கைகள் மூன்றை மட்டும் நோட்டில் எழுதுங்கள். எழுதும்போது, முடிவெடுத்த கணம் வரைக்கும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: உங்கள் சீட்டு, விழுந்திருந்த பொதுச் சீட்டுகள், நடுவில் இருந்த சிப்பு, எதிராளி அதுவரை நடந்துகொண்ட விதம், நீங்கள் என்ன செய்தீர்கள், ஏன். என்ன சீட்டு விழுந்தது, யார் வென்றார் என்பதைப் பின்பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு நாள் கழித்து முன்பக்கத்தை மட்டும் படித்து, செய்தது சரியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நண்பரிடம் கருத்துக் கேட்கும்போதும் இதே முறைதான். ‘ஆஸ் ஜோடி வைத்து எல்லாவற்றையும் இழந்தேன்’ என்று தொடங்கினால் அவர் ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவார். அல்லது நீங்கள் தோற்றது தெரிந்ததால், எங்கோ ஒரு பிழையைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுப்பார். கையைப் பாதியில் நிறுத்தி ‘இங்கே நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். நானும் அப்படித்தான் செய்வேன் என்று அவர் சொன்னால், அந்தத் தோல்வியை மழைக் கணக்கில் எழுதிவிடலாம். வேறு எதையாவது சொன்னால் உங்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. என் ஒன்பது வாரங்களில் எழுதிய இருபத்தேழு கைகளை இப்படிக் கேட்டதில், முதல் ஐந்து வாரக் கைகள் பதினைந்தில் பிழையானவை மூன்று; பின் நான்கு வாரக் கைகள் பன்னிரண்டில் பிழையானவை எட்டு. அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது எனக்கு வெட்கம் வரவில்லை. நிம்மதிதான் வந்தது, ஏனென்றால் எட்டையும் என்னால் திருத்த முடியும்.

வென்ற கைகளையும் இதே முறையில் எழுதுவது நல்லது. தவறாக ஆடி வென்ற கைகள் தோல்வித் தொடருக்கு முந்தைய மாதங்களில் எத்தனை இருந்தன என்பது சிலருக்குத் திகைப்பாக இருக்கும்.

ஆறாம் படி: விலகுதலும் திரும்புதலும்

பிழையான கைகள் பாதிக்கு மேல் போன வாரத்துக்கு அடுத்த வாரம் ஆடக்கூடாது என்பது எங்கள் குழுவின் விதி. வரலாம், உட்காரலாம், சீட்டுப் பகிரலாம், மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கலாம். அடிபடாத இடத்திலிருந்து பார்க்கும்போதுதான், மற்றவர்களுக்கும் ரிவரில் இதே சீட்டுகள் விழுகின்றன என்பது கண்ணில் படும். வீட்டில் உள்ளவர்களிடம் ஏன் முகம் வாடியிருக்கிறது என்று மறைக்காமல் சொல்லிவிடுவதையும் நான் இந்த விலகலின் பகுதியாகவே கருதுகிறேன். பேசாமல் வைத்திருக்கும் தோல்வி மேசைக்குத் திரும்பி வரும்போது இரண்டு மடங்காகியிருக்கும்.

திரும்பும் முதல் மாலையில் வழக்கமான 1,000-க்குப் பதிலாக 500 சிப்போடு உட்காருங்கள். சிப்பு குறைவாக இருக்கும்போது ஒவ்வொரு கையிலும் எடுக்க வேண்டிய முடிவுகள் குறைகின்றன. பிழை செய்யும் இடமும் குறைகிறது. அன்று லாபம், நட்டம் இரண்டையும் நோட்டில் நீங்கள் எழுத வேண்டாம், நோட்டு வைத்திருப்பவர் எழுதட்டும். நீங்கள் எழுத வேண்டியது, கைகள் சிப்பிலிருந்து மடிக்கு எத்தனை முறை போயின என்பதை மட்டும். நான் திரும்பிய ஞாயிறன்று அது நான்கு முறை. அடுத்த வாரம் இரண்டு. அன்றும் நான் 120 சிப்பு தோற்றேன் என்று நோட்டு வைத்திருந்தவர் பிறகு சொன்னார்.